கேட்காமல் எழுதிய வரி

என் மகனுக்கு,

உன் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அஞ்சலை அத்தை ஏம்ப்பா வரல?" என்று கேட்டாய். முழங்கால் வலி, பஸ் ஏறி இறங்க முடியவில்லை என்றேன். நீயும் நம்பிவிட்டாய். அவள் முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை. அன்று காலையில்கூட மீன் கூடையோடு பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, பொன்னேரி மார்க்கெட்டில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். அங்கிருந்து நம் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அவள் வராததற்குக் காரணம் நான்தான். அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன்.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டு, மண்டபம், சமையல்காரர், உன் மாப்பிள்ளைச் சட்டை அளவு என்று ஏதேதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். முப்பது வருடம் வகுப்பில் மூச்சு விடாமல் பேசியவனுக்குப் பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் சொன்னால் நடுவில் நழுவ முடியாது என்று உட்கார்ந்திருக்கிறேன். இதை நீ ஒளித்து வைக்க வேண்டாம். யாருக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். உனக்கு மனைவியாக வரப்போகிறவளுக்கு முதலில் காட்டு.

இன்றைக்கே எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நேற்று நம் குப்பத்திலிருந்து பஞ்சாயத்தார் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். "தம்பிக்குக் கல்யாணம் ஆன உடனே ஏரிப் பாட்டுல பேர எழுதிடணும் சார். நீங்க ஒரு கையெழுத்து, தம்பி ஒரு கையெழுத்து, அவ்ளோதான்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போன மாதம் இந்தப் பேச்சு வந்தபோது நீ சிரித்துக்கொண்டே, "எழுதச் சொல்லுப்பா, ஏரியில எனக்கும் ஒரு பங்கு இருக்குனு ஆபீஸ்ல பெருமையடிச்சுக்கலாம்" என்றாய். அந்தத் தாள் இந்த உறைக்குள் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கடைசிவரை படித்துவிடு.

நீ பெங்களூரில் உட்கார்ந்திருப்பவன், உன் வருங்கால மனைவியோ மீஞ்சூரில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவள். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரத்தை ஒட்டி, இறால் ஓடுகிற இடங்கள் சில உண்டு. அங்கே கழி ஊன்றி வலை கட்டினால் ஒரு நாள் பிடிப்பு மற்ற இடத்தின் ஒரு வாரப் பிடிப்புக்குச் சமம். எல்லோரும் ஒரே நாளில் போனால் மண்டைதான் உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்ன இடம், இன்ன நாள், இன்னாருக்கு என்று முறை போட்டுக்கொள்வார்கள். அந்த இடத்துக்கும் முறைக்கும் சேர்த்துத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் பிள்ளையின் பெயர் மட்டும்தான் அந்தப் பட்டியலில் ஏறும். அவன் தண்ணீரில் கால் வைக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை, தன் முறையை இன்னொருவனிடம் விட்டுவிட்டுப் பங்கு வாங்கிக்கொள்ளலாம். கல்லூரி வாத்தியாரான என் பெயர் அப்படித்தான் இத்தனை காலம் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒருவன் செத்துப்போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அவனுக்கு மகன் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு ஏரி அன்றோடு முடிந்தது.

என் வேலையைப் பற்றி உனக்கே சரியாகத் தெரியுமோ தெரியாதோ. நீ சின்னப் பையனாக இருந்தபோது எதிர்வீட்டுக்காரர் உன்னைப் பிடித்து வைத்துக் கேட்பார். உங்க அப்பா வக்கீலா? இல்லை. ஜட்ஜா? இல்லை. ஏதாவது கேஸ் நடக்கிறதா? இல்லை. அப்புறம் வாராவாரம் கோர்ட்டில் அவருக்கு என்ன வேலை? உனக்குப் பதில் தெரியாமல் வீட்டுக்கு ஓடி வருவாய். பரம்பரைச் சொத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைந்து புத்தி பேதலித்த மனுஷன் என்று அந்தத் தெருவில் பாதிப் பேர் என்னைப் பற்றி முடிவு கட்டியிருந்தார்கள். நான் செய்ததெல்லாம் கடைசி பெஞ்சில் நோட்டும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்து, நீதிபதிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். யாரை எவ்வளவு நேரம் பேச விடுகிறார்கள், யாருடைய பேச்சைப் பாதியில் வெட்டுகிறார்கள், யார் வந்து நின்றால் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார்கள், யாருக்குக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள். இதையெல்லாம் எழுதித்தான் புத்தகம் போட்டேன், பேராசிரியர் ஆனேன், மாலை போட்டார்கள். தீர்ப்பைப் படிப்பதற்கு முன்னால், அந்த வழக்கில் பேசவே விடப்படாதவர் யார் என்று பாருங்கள் என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்வார்கள். நீகூடக் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் அதைச் சொல்லி ஒரு கோப்பை வாங்கி வந்தாய். அந்தக் கோப்பையைப் பார்க்கவே இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என் முதல் கட்டுரை. நம் குப்பத்துப் பாட்டைப் பற்றியது. நீதிபதி இல்லாமலே ஓர் ஊர் தன் நியாயத்தைத் தானே தீர்த்துக்கொள்கிறது என்று எழுதினேன். சென்னையில் ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தபோது, பாடு என்றதும் ஏதோ மீனவர் பாட்டு என்று நினைத்துக்கொண்டு ஒருவர் இரண்டு வரி பாடிக் காட்டச் சொன்னார். அதையும் சமாளித்தேன். அந்தக் கட்டுரைக்காக நம் ஊரில் பதினொரு பேரைப் பேட்டி கண்டேன். பதினொரு பேரும் ஆண்கள். ஏலக் கொட்டகையில் அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எழுதினேன். அதே கொட்டகையில் நாலடி தள்ளி, கூடையை வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். என் தங்கையும் நின்றாள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று முடிவு செய்ததாக நினைத்துவிடாதே. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எழுதி முடிக்கும்போது பக்கம் நிறைவாக இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன்: "பெண்கள் பாட்டில் பங்கு கேட்டதாகத் தெரியவில்லை, ஊர் வழக்கத்தை அவர்களும் மனமார ஏற்றிருக்கிறார்கள்." அந்த ஒரு வரிதான் என் தங்கையின் தலையில் விழுந்தது.

உன் மாமா, அஞ்சலையின் வீட்டுக்காரர், காமாலையில் போனது உனக்கு நினைவிருக்கும். காரியம் முடிந்த கையோடு பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். இரண்டும் பெண் பிள்ளைகள். அடுத்த வாரம் அஞ்சலை ஒரு பை நிறைய மடவை மீன் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். "வலை கீது, படகு கீது. ஆள வெச்சி நான் ஓட்டிக்கிறேன். முறைதான் இல்ல. நீ ஜட்ஜிங்களையே படிக்கிறவன். பஞ்சாயத்துல வந்து ஒரு வார்த்த சொல்லுண்ணா" என்றாள். நான் இதில் தலையிட்டால் என் ஆராய்ச்சிக்கு மரியாதை இருக்காது, நான் நடுநிலையாக இருக்க வேண்டியவன் என்றேன். "நடுநிலைன்னா இன்னாண்ணா?" என்று கேட்டாள். நானும் கால் மணி நேரம் விளக்கினேன். உதவி கேட்டு வந்தவளுக்கு வகுப்பு எடுத்து அனுப்பினேன். மீனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டோம். அவள் ஒரு வக்கீலைப் பிடித்துத் தானே வழக்குப் போட்டாள்.

உனக்கு மூன்று வயதில் உன் அம்மா டைபாய்டில் படுத்தபோது, உன்னை நாலு மாதம் இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவள் அவள். நான் அப்போது ஏதோ ஒரு மாவட்டக் கோர்ட்டில் நிமிடக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இதை இங்கே சொல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றரை வருடத்தில் தீர்ப்பு வந்தது. என் பழைய மாணவன் ஒருவன், இப்போது வக்கீல், போன் செய்தான். "சார், வாழ்த்துகள்! உங்க கட்டுரையை அப்படியே தீர்ப்புல எடுத்துப் போட்டிருக்காங்க!" நீதிபதிகள் எங்களைப் போன்றவர்களின் ஆராய்ச்சியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று ஆயுள் முழுக்கப் புலம்பியவன் நான். முதல்முறையாக ஒரு நீதிபதி என்னைப் படித்திருக்கிறார். ஓடிப்போய் நகல் வாங்கினேன். அந்த ஊரிலேயே பிறந்து, நீதிமன்றங்களையே ஆராய்ந்த பேராசிரியர் இப்படிச் சொல்லியிருக்கும்போது வாதியின் கோரிக்கைக்கு வழக்கத்தில் ஆதாரம் இல்லை என்று அந்த நீதிபதி அம்மா எழுதியிருந்தார். ஊர்த் தரப்பு வக்கீல் என் கட்டுரையை ஆவணமாகக் கொடுத்திருக்கிறார். என் பெயர் இருந்த பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கடையில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்தேன். அப்புறம்தான் முதல் பக்கத்தைத் திருப்பி வாதியின் பெயரைப் பார்த்தேன் என்று எழுத வருகிறது. இல்லை. அதையும் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன். அது யாருடைய வழக்கு என்று மாணவன் போனில் சொன்ன நொடியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு நேரம் என்றால், கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்து வீடு திரும்பும் வரைக்கும்.

நாலு நாள் கழித்து அஞ்சலை தீர்ப்பு நகலோடு வந்தாள். தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது, அவளோ ஐந்தாவதோடு நின்றவள். "இன்னா எழுதிக்கீதுனு படிச்சி சொல்லுண்ணா" என்று என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வாதி சொன்னது, பிரதிவாதி சொன்னது, சாட்சிகள். என் பெயர் வருகிற பக்கம் வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "ஆகவே தள்ளுபடி" என்று முடித்தேன். அவள் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து நின்றாள்.

"நடுவுல ஒரு பக்கத்தத் தாண்டிட்டண்ணா" என்றாள்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"வக்கீலு முன்னாடியே சொல்லிட்டாரு, அதுல உன் பேரு கீதுனு. நீயா படிக்கிறியானு பாக்கத்தான் வந்தேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த உன் அம்மாவிடம், "வர்றேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுப் படி ஏறவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வராத காரணம் இதுதான்.

தப்பு செய்வது எல்லோருக்கும் உள்ளதுதான், மகனே. அதற்கு அப்புறம் நான் நடந்துகொண்டதுதான் இன்னும் கேவலம். அஞ்சலை தரப்பில் அப்பீல் போட்டார்கள். அவளுடைய வக்கீல் நல்ல மனுஷன். என்னிடம் வந்து, அந்த வரி எந்தப் பெண்ணையும் கேட்காமல் எழுதியது என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுங்கள் சார், போதும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எட்டு மாதம் கடத்தினேன். அப்போதுதான் எனக்குப் பணி ஓய்வு விழா, பாராட்டு மலர், அது இது என்று ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்டுரையில் ஓட்டை என்று நானே சொன்னால், மற்ற புத்தகங்களையும் தட்டிப் பார்ப்பார்களே என்று பயம். இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "உங்களுக்கு அது புஸ்தகத்துல ஒரு வரி. அவளுக்கு அந்த ஒரு வரிதான் சோறு" என்றாள். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் நாம்தான் பாதிக்கப்பட்டவர் என்று ஒரு தோற்றம் வரும். அந்த வித்தையை உன்னிடமும் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அதை மட்டும் செய்யாதே.

போன மாதம்தான் எனக்குப் புத்தி வந்தது. பத்திரம் எழுத உட்கார்ந்தேன். "எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை" என்று எழுதிவிட்டுப் பார்த்தால், அன்றுவரைகூட நான் யாரையும் கேட்டிருக்கவில்லை. மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். அஞ்சலை ஒரு அம்மாளுக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தவில்லை. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஐஸ் பெட்டியில் உட்கார்ந்தேன். பழக்க தோஷம், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். அவள் பார்த்த பார்வையில் திரும்ப வைத்துக்கொண்டேன்.

"பாட்டுல பொம்பளைங்க பேரையும் எழுதணும்னு நம்ம ஊர்ல யாராவது எப்பவாவது கேட்டிருக்காங்களா அஞ்சலை?"

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?"

"ஆமா."

"நான் கேட்டேன்."

"யார்கிட்ட?"

"நம்ம நைனாகிட்ட. உன் கல்யாணத்துக்கு மறுநாளு. பேரு எழுத ஆளுங்க வந்துக்கிறாங்க. நீ கையெழுத்துப் போட குந்திகினு கீற. அண்ணன் பட்ணத்துல வாத்தியார் வேலைக்குப் படிக்குது, ஏரியில கால் வைக்காது, அதுக்கு எதுக்கு நைனா முறை, என் பேர எழுது, நான் ஆள வெச்சி பாத்துக்கிறேன்னு கேட்டேன். நைனா சிரிச்சிது. வந்தவங்களும் சிரிச்சாங்க." மீனைத் தண்ணீரில் அலசினாள். "நீயும் சிரிச்சண்ணா."

எனக்கு அது நினைவில்லை. எத்தனையோ வருடத்துக்கு முன்னால், எந்த நீதிபதி எந்தச் சாட்சியை எத்தனையாவது நிமிடத்தில் வாயை மூடு என்றார் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். என் கூடப் பிறந்தவள் என் எதிரே நின்று கேட்டதும், நான் சிரித்ததும் எனக்கு நினைவில்லை. அவளுக்கு யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை நினைவிருக்கிறது. கட்டுரை எழுதியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. ஆக, நான் கேட்காமல் மட்டும் எழுதவில்லை. அவள் கேட்டது காதில் விழுந்த பிறகும், யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்பையும் சேர்த்தே எழுதினேன். அப்பீலில் புதிதாகச் சாட்சி எடுப்பது லேசில் நடக்காது, ஆனால் என்னைக் கூண்டில் ஏறிச் சொல்ல அனுமதித்திருக்கிறார்கள். ஊர்த் தரப்பு வக்கீல், அப்போது உங்கள் கட்டுரை பொய்யா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கூண்டில் நின்றவர்களைக் கடைசி பெஞ்சிலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். நாக்கு எப்படி உலரும் என்று இப்போதே தெரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று வந்த பஞ்சாயத்தாரிடம் முதலில் என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். இருவரில் பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடிச்சா அது அஞ்சலைக்குப் போவாது சார். ஊருக்குத்தான் போவும்" என்றார். உண்மைதான். என் பெயரை அடித்ததால் அவளுக்கு ஒரு இறால்கூட வரப்போவதில்லை. நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் அப்படித்தான். அதனால் இதைச் செய், இதைச் செய்யாதே என்று உனக்கு உத்தரவு போட எனக்கு வாய் இல்லை. அந்தத் தாளில் உன் பெயர் ஏறப்போகும் இடம், அவள் ஒரு காலத்தில் வாய் திறந்து கேட்ட இடம். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரிந்திருந்தது, நான் மறந்துவிட்டேன். நீ தெரிந்துகொண்டு எதைச் செய்தாலும் செய்.

மார்க்கெட்டில் நடந்ததில் ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. கிளம்பும்போது, கல்யாணத்துக்கு நீ வரணும் அஞ்சலை என்றேன். அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் ஆசைதான். நான் தூக்கி வளத்த புள்ள. ஆனா நீ கூப்புடாத. கூண்டுல ஏறி சொல்லிட்டு அப்புறம் கூப்புடு" என்றாள்.

வழக்கு உன் கல்யாணம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வருகிறது. ஆகவே என் மகன் கல்யாணத்துக்கு என் தங்கையை அழைக்கும் யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. பஞ்சாயத்துத் தாளோடு ஒரு கல்யாணப் பத்திரிகையும் வைத்திருக்கிறேன். மஞ்சள் தடவியிருக்கிறேன். மேலே பெயர் எழுதவில்லை. அவள் பெயரை நீ எழுது. எழுதி, நீயே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வா.

உன் அப்பா